நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஆங்கிலத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ஏன் பிந்தியது? யார் கோல் எடுத்தது? பணம் கட்டியாயிற்றா? சாவியை எங்கே வைத்தீர்கள்? எல்லாமே நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்விகள். தரம் 3 இலிருந்து ஆங்கிலம் படித்து, சொற்கள் நிறையத் தெரிந்து வைத்திருப்பவரும் இந்த இடத்தில்தான் வாயடைத்து நிற்கிறார். சொல் தெரியாமல் அல்ல. வினையை இறந்தகாலத்துக்கு மாற்றும் பழக்கம் நாக்குக்கு வராததால்தான்.

கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். ஒரு படி வாயில் புழங்கத் தொடங்கிய பிறகு அடுத்ததற்குப் போனால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாசித்து முடிப்பதில் பயனில்லை.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். சொல்லின் முடிவில் 'ற்' வந்தால் அது ரீ எழுத்தின் ஒலி. ரிக்கெற், மார்க்கெற் என்று எழுதுகிறோமே, அது. 'ட்' வந்தால் டீ எழுத்தின் ஒலி. ரோட், கார்ட் என்பவற்றில் வருவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், நான்காம் படி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

முதற்படி: ஆள் மாறினாலும் வினை மாறாது

தமிழில் போனேன், போனாய், போனான், போனாள், போனது, போனோம், போனார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முடிவு. ஆங்கிலத்தில் இவை ஏழுக்கும் 'வென்ற்' ஒன்றுதான். ஐ வென்ற், யூ வென்ற், ஹீ வென்ற், ஷீ வென்ற், இற் வென்ற், வீ வென்ற், தே வென்ற். நிகழ்காலத்தில் ஹீ, ஷீ வந்தால் 'கோஸ்' என்று எஸ் சேர்க்கவேண்டுமே, அந்தத் தொல்லையும் இறந்தகாலத்தில் இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 'நேற்று வெள்ளவத்தைக்குப் போனேன்' என்றால் 'நான்' சொல்லாமலே விளங்கும். 'ஏன்' விகுதி ஆளைக் காட்டிவிடுகிறது. 'வென்ற் டு வெள்ளவத்தை யெஸ்டர்டே' என்றால் யார் போனது என்று தெரியாது. ஆகவே ஐ, ஹீ, வீ என்ற எழுவாய் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கவேண்டும். வட்ஸ்அப் செய்தியில் விட்டுவிட்டாலும் பேசும்போது விடாதீர்கள்.

இரண்டாம் படி: வொஸ், வேர்

ஆள் பார்த்து மாறும் இறந்தகால வினை ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று. ஐ, ஹீ, ஷீ, இற் என்பவற்றுக்கு 'வொஸ்'. யூ, வீ, தே என்பவற்றுக்கு 'வேர்'. எதிரே இருப்பவர் ஒருவரானாலும் 'யூ வேர்' தான்.

இதன் பொருள் 'இருந்தேன், இருந்தார், இருந்தது'. 'ஐ வொஸ் அற் ஹோம்' என்றால் வீட்டில் இருந்தேன். 'த ஷொப் வொஸ் க்ளோஸ்ட்' என்றால் கடை பூட்டியிருந்தது. எதிர்மறைக்கு 'நொற்' சேர்த்தால் போதும்: 'ஹீ வொஸ் நொற் தெயர்', அவர் அங்கே இருக்கவில்லை. கேள்விக்கு முன்னே கொண்டுவாருங்கள்: 'வேர் யூ அற் த ஒஃபிஸ்?'

இங்கே நடக்கும் பெரிய பிழை, இறந்தகாலம் என்றாலே 'வொஸ்' போடவேண்டும் என்று நினைப்பது. 'ஐ வொஸ் கோ', 'ஐ வொஸ் வென்ற்' இரண்டுமே பிழை. வேறொரு வினை வந்துவிட்டால் 'வொஸ்' தேவையில்லை. 'போய்க்கொண்டிருந்தேன்' என்று சொல்லும்போது இரண்டும் சேரும், அப்போது வினையின் முடிவில் 'இங்' வரும்: 'ஐ வொஸ் கோயிங்'.

மூன்றாம் படி: ஈ-டீ சேர்த்து எழுதுதல்

பெரும்பாலான வினைகளுக்கு முடிவில் ஈ, டீ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் இறந்தகாலம். நடப்பதற்கான 'வோக்', வேலை செய்வதற்கான 'வேர்க்', அழைப்பதற்கான 'கோல்', உதவுவதற்கான 'ஹெல்ப்', துப்புரவாக்குவதற்கான 'க்ளீன்' எல்லாம் இந்த வகை. எழுத்துக்கூட்டலில் நான்கு இடங்களில் மட்டும் நின்று யோசிக்கவேண்டும்.

சொல் ஏற்கெனவே ஈ எழுத்தில் முடிந்தால் டீ மட்டும் போதும். 'லைக்', 'யூஸ்', 'க்ளோஸ்', 'அரைவ்' என்பவை அப்படி.

வை எழுத்தில் முடிந்தால் அதற்கு முந்திய எழுத்தைப் பாருங்கள். அது மெய்யெழுத்தானால் வை போய் ஐ-ஈ-டீ வரும்: 'ஸ்டடி' என்பது எஸ்-ரீ-யூ-டீ-ஐ-ஈ-டீ ஆகும், 'ட்ரை', 'கரி', 'அப்ளை' என்பவையும் அப்படியே. முந்தியது உயிரெழுத்தானால் ஒன்றும் மாறாது: 'ப்ளே', 'ஸ்டே', 'என்ஜோய்' என்பவற்றுக்கு அப்படியே ஈ-டீ. பணம் கட்டும் 'பே' இந்த விதிக்குள் அடங்காது. அது பீ-ஏ-ஐ-டீ, 'பேய்ட்'. பற்றுச்சீட்டுகளில் தினமும் பார்க்கும் சொல், எழுத்தை அப்படியே மனத்தில் வையுங்கள்.

மூன்றாவது இடம்தான் கடினம். நிறுத்தும் 'ஸ்டொப்' என்பது எஸ்-ரீ-ஓ-பீ. இறந்தகாலத்தில் பீ இரண்டு முறை வரும்: எஸ்-ரீ-ஓ-பீ-பீ-ஈ-டீ. திட்டமிடும் 'ப்ளான்', கீழே போடும் 'ட்ரொப்' என்பவற்றுக்கும் கடைசி எழுத்து இரட்டிக்கும். விதி இது: ஓரசைச் சொல், முடிவில் ஒரே ஒரு உயிரெழுத்து, அதற்குப் பின் ஒரே ஒரு மெய்யெழுத்து. ஆங்கிலத்தில் ஒற்றை மெய்யெழுத்துக்குப் பின்னால் ஈ வந்தால் முந்திய உயிர் நீண்டு ஒலிக்கும் என்பது வாசிப்பவரின் எதிர்பார்ப்பு. நொண்டிக் குதிப்பதற்கான 'ஹொப்' இரட்டிக்காமல் எழுதப்பட்டால், நம்பிக்கை வைப்பதற்கான 'ஹோப்' இன் இறந்தகாலமாக வாசிக்கப்படும். குறிலைக் காப்பாற்றத்தான் இரட்டிப்பு. 'ஹெல்ப்' இல் முடிவில் இரண்டு மெய்யெழுத்து இருப்பதாலும், 'வெயிற்' இல் இரண்டு உயிரெழுத்து இருப்பதாலும் இரட்டிக்காது. டபிள்யூ, எக்ஸ், வை மூன்றும் ஒருபோதும் இரட்டிக்காது. ஆகவே 'ஃபிக்ஸ்', 'ஷோ' என்பவற்றுக்கு வெறும் ஈ-டீ.

ஈரசைச் சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 'ப்ரிஃபேர்', 'அட்மிற்' என்பவற்றில் அழுத்தம் பின் அசையில், அதனால் இரட்டிக்கும். 'விசிற்', 'ஓப்பன்', 'ஹப்பன்', 'வொமிற்' என்பவற்றில் முன் அசையில், இரட்டிக்காது. 'ட்ரவல்', 'கான்சல்' என்ற இரண்டும் விலக்கு: அழுத்தம் முன்னே விழுந்தாலும் இலங்கையில் நாம் பின்பற்றும் பிரித்தானிய முறையில் எல் இரட்டிக்கும். உங்கள் ஃபோன் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் அதன் கீழே சிவப்புக் கோடு போடும். அதைப் பார்த்துத் திருத்தாதீர்கள். ஃபோனின் மொழியைப் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நான்காம் படி: ஈ-டீ சொல்லும் மூன்று விதம்

எழுத்தில் ஒன்று, ஒலியில் மூன்று. இதைப் பாடசாலையில் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பேசும்போது மற்றவருக்கு விளங்காமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். 'வோக்கெட்', 'ஸ்டொப்பெட்', 'வோஷெட்' என்று எல்லாவற்றுக்கும் 'எட்' என்ற அசையைச் சேர்ப்பதுதான் பிழை.

கழுத்தின் முன்பக்கம் இரண்டு விரல்களை வைத்து, வினையின் கடைசி ஒலியை மட்டும் சொல்லிப் பாருங்கள். எழுத்தை அல்ல, ஒலியை.

அதிர்வு இல்லாவிட்டால் 'ற்'. 'வோக்' முடிவது க் ஒலியில், அதிர்வில்லை, ஆகவே 'வோக்ற்'. இதேபோல 'வேர்க்ற்', 'ஹெல்ப்ற்', 'ஸ்டொப்ற்', 'வோஷ்ற்', 'ஃபினிஷ்ற்', 'லாஃப்ற்'. புதிய அசை எதுவும் கிடையாது. ஓரசைச் சொல் ஓரசையாகவே இருக்கும்.

அதிர்வு இருந்தால் 'ட்'. 'கோல்ட்', 'க்ளீன்ட்', 'ஓப்பன்ட்', 'ப்ளேய்ட்', 'லிவ்ட்'. இங்கும் அசை கூடாது.

வினை ஏற்கெனவே ரீ அல்லது டீ ஒலியில் முடிந்தால் மட்டும் 'இட்' என்று ஓர் அசை கூடும். 'வொன்ற்-இட்', 'வெயிற்-இட்', 'ஸ்டார்ற்-இட்', 'நீட்-இட்', 'டிசைட்-இட்'. இரண்டு ஒரே மாதிரி ஒலிகளை இடைவெளியில்லாமல் சொல்ல முடியாது என்பதால்தான் நடுவே இகரம் வருகிறது.

'வோக்ற்' என்று இரண்டு வல்லொலியைச் சேர்த்து முடிப்பது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லாதது. நம் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. நாக்கு தானாகவே ஓர் உகரத்தைச் சேர்த்து 'வோக்ட்டு' என்று ஆக்கிவிடும். இதற்கு நல்ல மருந்து, அடுத்து உயிரொலியில் தொடங்கும் ஒரு சொல்லை வைத்துப் பழகுவது. 'ஸ்டொப்ற் இற்' என்பதை 'ஸ்டொப்' நிறுத்தி, பிறகு 'ற்றிற்' என்று இணைத்துச் சொல்லுங்கள். 'வோக்ற் இன்', 'ஹெல்ப்ற் அஸ்', 'ஃபினிஷ்ற் இற்' என்று ஒவ்வொன்றும் பத்துத் தடவை. பிறகு பின்சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், உகரம் குறைந்திருக்கும். ஒலியை விழுங்கி 'ஐ வோக் ஹோம் யெஸ்டர்டே' என்று சொல்வதும் நடக்கிறது. 'எட்' சேர்ப்பதைவிட இது பாதகம் குறைந்தது, ஆனால் 'யெஸ்டர்டே' இல்லாத வாக்கியத்தில் காலமே தெரியாமல் போகும்.

ஐந்தாம் படி: விதிக்கு அடங்காத வினைகள்

ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் பத்து வினைகள் இருத்தல், வைத்திருத்தல், செய்தல், சொல்லுதல், ஆக்குதல், போதல், எடுத்தல், வருதல், பார்த்தல், பெறுதல். பத்துமே ஈ-டீ விதிக்கு அடங்காதவை. அதனால் இந்தப் படியைத் தள்ளிப்போட வழியில்லை. அகராதியின் பின்பக்கத்தில் இருக்கும் நீண்ட பட்டியலை அகர வரிசையில் மனப்பாடம் செய்யும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அகர வரிசை அடுத்தடுத்து வைப்பது ஒன்றோடொன்று தொடர்பில்லாத வினைகளை. ஒலி ஒத்தவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வரும்.

தமிழிலும் செய்தேன், கண்டேன், சென்றேன், ஓடினேன் என்று த், ட், ற், இன் எனப் பல இடைநிலைகள் உண்டு. அவற்றை நாம் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை, வாக்கியமாகக் கேட்டுக் கேட்டு வந்தது. இதுவும் அப்படித்தான் வரும்.

முதலில் தனித்து நிற்பவை. இவற்றுக்கு இனம் தேடாமல் நேரே பழகுங்கள்: கோ, வென்ற். கம், கேம். சீ, சோ. டூ, டிட். ஹாவ், ஹாட். சே, செட். மேக், மேட். கிவ், கேவ். ஈற், எற், இதை 'எய்ற்' என்றும் சொல்வார்கள், இரண்டும் சரி. ஹியர், ஹேர்ட். லூஸ், லொஸ்ற். ஃபைண்ட், ஃபவுண்ட்.

மாறாதவை: வைக்கும் 'புற்', வெட்டும் 'கற்', பூட்டும் 'ஷற்', விலையாகும் 'கொஸ்ற்', நோகும் 'ஹேர்ற்'. 'ஐ புற் த கீ ஹியர்' என்பது நேற்றைக்கும் பொருந்தும், தினமும் செய்வதற்கும் பொருந்தும். நாளைச் சொல்லும் சொல்லை வைத்துத்தான் காலத்தை அறியவேண்டும். வாசிக்கும் 'ரீட்' எழுத்தில் மாறாது, ஒலியில் 'ரெட்' ஆகும்.

டீ ரீயாவது: அனுப்பும் 'சென்ட்' என்பது 'சென்ற்', செலவழிக்கும் 'ஸ்பென்ட்' என்பது 'ஸ்பென்ற்', கடன் கொடுக்கும் 'லென்ட்' என்பது 'லென்ற்', கட்டும் 'பில்ட்' என்பது 'பில்ற்'.

'ஓற்' இனம்: வாங்கும் 'பை', 'போற்'. கொண்டுவரும் 'ப்ரிங்', 'ப்ரோற்'. நினைக்கும் 'திங்க்', 'தோற்'. பிடிக்கும் 'கச்', 'கோற்'. கற்பிக்கும் 'டீச்', 'டோற்'. 'போற்', 'ப்ரோற்' இரண்டையும் மாற்றிச் சொல்வது சாதாரணமாக நடக்கிறது. 'ப்ரிங்' இல் ஆர் இருக்கிறது, அதனால் 'ப்ரோற்' இலும் ஆர் இருக்கும். 'பை' இல் இல்லை, 'போற்' இலும் இல்லை. வேறு சூத்திரம் வேண்டாம்.

இகரம் ஆகாரமாவது: சிற், சாற். சிங், சாங். ட்ரிங்க், ட்ராங்க். பிகின், பிகான். இந்த ஆகாரம் 'பாங்க்' என்று சொல்லும்போது வரும் ஒலி. வாயை அகலத் திறக்கவேண்டும்.

ஈகாரம் குறுகுவது: கீப், கெப்ற். ஸ்லீப், ஸ்லெப்ற். ஃபீல், ஃபெல்ற். மீற், மெற். லீவ், லெஃப்ற். இந்த இனத்தின் அருகே இரண்டு பொறிகள் உண்டு. விழும் 'ஃபோல்' இறந்தகாலத்தில் 'ஃபெல்'. உணரும் 'ஃபீல்' இறந்தகாலத்தில் 'ஃபெல்ற்'. கடைசி ற் விழுந்தால் 'எனக்குச் சுகமில்லாமல் இருந்தது' என்பது 'நான் விழுந்தேன்' என்று ஆகிவிடும். மற்றது நேர்முகப் பரீட்சையில் வருவது: வேலையை விட்டேன் என்பதற்கு 'ஐ லெஃப்ற்', ஓரிடத்தில் வசித்தேன் என்பதற்கு 'ஐ லிவ்ட்'. 'ஐ லிவ்ட் த ஜொப்' என்றால் கேட்பவர் குழம்புவார்.

'ஓ' இனம்: ரைற், ரோற். ட்ரைவ், ட்ரோவ். ஸ்பீக், ஸ்போக். ப்ரேக், ப்ரோக். செல், சோல்ட். டெல், டோல்ட்.

'ஊ' இனம்: தெரிந்துகொண்டிருக்கும் 'நோ', 'நியூ'. எறியும் 'த்ரோ', 'த்ரூ'. வளரும் 'க்ரோ', 'க்ரூ'. காட்டும் 'ஷோ' இவற்றைப் போலத் தோன்றினாலும் இந்த இனமல்ல, 'ஷோட்'. டேக் என்பது 'டுக்', ஸ்டான்ட் என்பது 'ஸ்டுட்', அதோடு சேர்ந்து விளங்கிக்கொள்ளும் 'அன்டர்ஸ்டான்ட்' என்பது 'அன்டர்ஸ்டுட்'.

ஒரு நாளைக்கு ஓர் இனம். கொப்பியில் வினையை மட்டும் எழுதாமல், உங்கள் நாளில் உண்மையாக நடந்த ஒன்றை வைத்து வாக்கியமாக எழுதுங்கள். அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் மூன்று வடிவம் இருக்கும். இப்போதைக்கு நடுவில் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது. 'ஐ சீன் ஹிம்', 'ஐ டன் இற்' என்ற பிழைகள் மூன்றாவது வடிவத்தைத் தவறாக எடுப்பதால் வருபவை.

ஆறாம் படி: டிட்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஆங்கில வாக்கியத்தில் இறந்தகாலம் ஒரு முறைதான் காட்டப்படும். 'ஐ வென்ற்' என்பதில் அது வினையிலேயே இருக்கிறது. எதிர்மறையாக்க 'டிட் நொற்' வந்துவிட்டால் காலம் 'டிட்' இல் ஏறிவிடும். வினை பழைய முதல் வடிவத்துக்குத் திரும்பவேண்டும். 'ஐ டிட் நொற் கோ'. பேச்சில் 'ஐ டிடின்ற் கோ'. 'ஐ டிடின்ற் வென்ற்' என்பது கொழும்பில் தினமும் கேட்கும் பிழை. நன்றாக ஆங்கிலம் பேசுபவர்கள்கூட அவசரத்தில் இதைச் சொல்கிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல என்பதை யாராவது தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். 'போனேன்' என்பதன் எதிர்மறை என்ன? 'போகவில்லை'. 'போனவில்லை' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. 'போக' என்பதில் காலம் இல்லை. சாப்பிட்டேன், சாப்பிடவில்லை. வந்தார், வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'போகேல்லை', 'வரேல்லை' என்றாலும் அதே கதைதான். ஆகவே 'டிட் நொற்' சொன்னவுடன் மனத்தில் 'போனவில்லை' என்று ஒருமுறை ஒலித்துப் பாருங்கள். அது காதுக்கு எவ்வளவு கூசுகிறதோ, 'டிட் நொற் வென்ற்' ஆங்கிலக் காதுக்கு அவ்வளவு கூசும்.

கேள்விக்கும் இதுவே. 'டிட் யூ கோ?', 'டிட் ஹீ கோல்?', 'டிட் தே பே?' வினை எப்போதும் முதல் வடிவில். எங்கே, எப்போது, ஏன் என்ற சொல் வந்தால் அதை 'டிட்' இற்கும் முன்னால் வையுங்கள்: 'வெயர் டிட் யூ கோ?', 'வை டிட் யூ கம் லேற்?' தமிழில் 'எங்கே போனீர்கள்?' என்று கேள்விச்சொல் ஒன்றே போதுமானதால்தான் 'வெயர் யூ வென்ற்?' என்று வாயில் வருகிறது. கேள்விச்சொல் வந்தாலும் 'டிட்' வேண்டும்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. யார், என்ன என்ற சொல்லே எழுவாயாக இருந்தால் 'டிட்' வராது. யார் கோல் எடுத்தது? 'ஹூ கோல்ட்?' என்ன நடந்தது? 'வொற் ஹப்பன்ட்?' ஆனால் யாரைச் சந்தித்தீர்கள் என்பதற்கு எழுவாய் 'யூ', ஆகவே 'ஹூ டிட் யூ மீற்?'

பதில் குறுகியதாக இருக்கலாம்: 'யெஸ், ஐ டிட்', 'நோ, ஐ டிடின்ற்'. செய்தல் என்ற பொருளில் வரும் 'டூ' வுக்கும் விதி மாறாது: 'ஐ டிட் த அக்கவுன்ற்ஸ்', 'ஐ டிடின்ற் டூ த அக்கவுன்ற்ஸ்'.

முடியவில்லை என்று சொல்ல 'டிட்' வேண்டாம். 'கான்' என்பதன் இறந்தகாலம் 'குட்': 'ஐ குட் நொற் கம்', வர முடியவில்லை. செய்யவேண்டி வந்தது என்பதற்கு 'ஹாட் டு': 'ஐ ஹாட் டு வெயிற்', காத்திருக்க வேண்டியிருந்தது. விடுமுறைக்குக் காரணம் சொல்லும் செய்திகளில் இந்த இரண்டும் இல்லாமல் காரியம் நடக்காது.

ஏழாம் படி: தமிழ் இறந்தகாலம் எல்லாம் ஆங்கில இறந்தகாலமல்ல

ஃபோனில் கூப்பிட்டு எங்கே நிற்கிறாய் என்று கேட்டால், பஸ்ஸில் இருந்தபடியே 'இதோ வந்திட்டன்' என்போம். அதை 'ஐ கேம்' என்று சொன்னால், வந்து சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு வாசலில் வந்து தேடுவார்கள். 'ஐ ஆம் கமிங்' என்று சொல்லுங்கள்.

'பார்த்தேன்', 'பார்த்திருக்கிறேன்' என்ற வேறுபாடு ஆங்கிலத்திலும் உண்டு. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரம் ஒன்று வாக்கியத்தில் வந்தால் 'பார்த்தேன்' வகைதான்: 'ஐ சோ ஹிம் யெஸ்டர்டே'. 'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' பிழை. நேரம் சொல்லாமல் 'அவரை முன்பு பார்த்திருக்கிறேன்' என்றால்தான் 'ஐ ஹாவ் சீன் ஹிம்'. மரியாதையாக இருக்கும் என்று எண்ணிப் பலர் 'ஐ ஹாட் சென்ற் த மெயில் யெஸ்டர்டே' என்று எழுதுகிறார்கள். 'ஹாட்' மரியாதை சேர்க்காது. நடந்த இரண்டில் எது முந்தியது என்று காட்டவே அது வரும். வெறும் 'ஐ சென்ற் த மெயில் யெஸ்டர்டே' போதும்.

நேரச் சொற்களிலும் கவனம் வேண்டும். நேற்று இரவு என்பது 'லாஸ்ற் நைற்', 'யெஸ்டர்டே நைற்' அல்ல. இரண்டு நாளைக்கு முன் என்பதை 'பிஃபோர் டூ டேய்ஸ்' என்று தமிழ் ஒழுங்கில் சொல்லக்கூடாது. 'டூ டேய்ஸ் அகோ', 'அகோ' கடைசியில்.

சொல்லிப் பழக மூன்று சந்தர்ப்பங்கள்

வேலைக்குப் பிந்தினால். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வருகிறீர்கள், பம்பலப்பிட்டியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. 'ஐ கொற் ஒன் த பஸ் அற் செவன். இற் ப்ரோக் டவுன் அற் பம்பலப்பிட்டி. ஐ வெயிற்-இட் டென் மினிற்ஸ். அனதர் பஸ் டிடின்ற் கம். சோ ஐ வோக்ற்.' இந்த ஐந்து வாக்கியத்துக்குள் விதிக்கு அடங்காத வினை இரண்டு, 'இட்' ஒலி ஒன்று, 'ற்' ஒலி ஒன்று, 'டிடின்ற்' ஒன்று வந்துவிட்டன. பிழையில்லாமல் இதைச் சொல்ல முடிந்தால் மேலே படித்தது பெரும்பாலும் கைவந்துவிட்டது. பஸ்ஸில் இருந்து இறங்கினேன் என்பதற்கு 'கொற் டவுன்' என்று இங்கே பலரும் சொல்வார்கள், எல்லோருக்கும் விளங்கும். பரீட்சையிலும் கடிதத்திலும் 'கொற் ஓஃப்' என்று எழுதுங்கள்.

வைத்தியரிடம். 'த ஃபீவர் ஸ்டார்ற்-இட் ஒன் சண்டே நைற். ஐ டுக் டூ பனடோல்ஸ். ஐ வொமிற்-இட் ட்வைஸ். ஐ டிடின்ற் ஸ்லீப்.' மருந்து எப்போது எடுத்தீர்கள், எத்தனை எடுத்தீர்கள் என்பதில் காலம் பிழைத்தால் வைத்தியருக்குத் தவறான கணக்குப் போகும். 'ஐ டேக் டூ பனடோல்ஸ்' என்றால் வழக்கமாக இரண்டு எடுப்பவர் என்றும் கொள்ளலாம். இந்த நான்கு வாக்கியத்தையும் வரிசையில் இருக்கும்போதே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

நேர்முகப் பரீட்சையில். 'ஐ ஸ்டடிட் இன் பட்டிகலோ. ஐ வேர்க்ற் இன் எ டெக்ஸ்டைல் ஷொப் இன் கொட்டாஞ்சேனை ஃபோர் டூ இயர்ஸ். ஐ லெஃப்ற் இன் மார்ச்.' விட்டுவந்த வேலையைப் பற்றிச் சொல்லும்போது 'ஐ வேர்க்' என்று வந்தால், இன்னும் அங்கே வேலை செய்வதாக எழுதிக்கொள்வார்கள். இன்றும் அதே இடத்தில் இருப்பவர் மட்டும் இந்த இடத்தில் இறந்தகாலத்தைத் தவிர்க்கவேண்டும்.

தினமும் இரவில் அன்றைய நாளைப் பற்றி ஆறு வாக்கியம் எழுதுங்கள்: நடந்தது நான்கு, நடக்காதது ஒன்று, யாரிடமாவது கேட்ட கேள்வி ஒன்று. எழுதி முடித்து, 'டிட்' வந்த ஒவ்வொரு வரியிலும் அதன்பின் உள்ள வினைக்குக் கீழே கோடிடுங்கள். கோடிட்ட சொல் அகராதியின் தலைச்சொல்லாக இருந்தால் சரி. பிறகு வாய்விட்டு வாசித்து ஃபோனில் பதிந்து, 'எட்' எங்கே நுழைந்தது என்று மட்டும் கேளுங்கள். மற்றப் பிழைகளை அன்று விட்டுவிடலாம்.

வாசிப்புக்கு ஆங்கிலப் பத்திரிகைச் செய்தி நல்லது. விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகே உள்ள கொழும்பு பொது நூலகத்துக்குப் போய் இருந்து வாசிக்கலாம். விபத்து, கொள்ளை, கிரிக்கெற் செய்திகளை எடுங்கள், அவை முழுக்க இறந்தகாலத்தில் இருக்கும். தலைப்பைப் பார்த்துப் படிக்காதீர்கள்: ஆங்கிலப் பத்திரிகைகள் நேற்று நடந்ததற்கும் தலைப்பை நிகழ்காலத்தில் போடுவது வழக்கம். தலைப்பை விட்டு முதற் பந்தியிலிருந்து தொடங்கி, பத்து வினைகளைப் பிடித்து, எது ஈ-டீ, எது எந்த இனம் என்று கொப்பியில் பிரித்து எழுதுங்கள். எந்த இனத்திலும் அடங்காத ஒன்று அகப்பட்டால் அதை ஐந்தாம் படியின் முதல் வரிசையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.